பேச்சுப் படத்தை மைதானத்தில் போடுவதென்றால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

1995இல் வந்த ‘கெட் ஷோட்டி’ என்ற ஆங்கிலப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு போட வேண்டுமென்று கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்துக் கழகங்கள் எங்கள் வாடகைக் கடையில் கேட்கின்றன. நல்ல தெரிவு. மியாமியில் வட்டிக்காசு அறவிடும் சில்லி பால்மர், ஒரு கடனைத் துரத்தி லொஸ் ஏஞ்சல்ஸ் வரை போய், மலிவுப் பேய்ப்படம் எடுக்கும் தயாரிப்பாளரிடம் கதை சொல்லிச் சினிமாவுக்குள் நுழைகிறான். ஜோன் ட்ரவோல்ட்டா குரலை உயர்த்தாமலே மிரட்டுவதில்தான் சிரிப்பு இருக்கிறது. சண்டைப் படத்தில் ஒலி பிசகினாலும் சனம் பொறுக்கும். இதில் ஒரு வசனம் தவறினால் அடுத்த சிரிப்பும் போய்விடும். ஆகவே திரையைப் பெருப்பிக்கும் காசை ஒலிக்கும் எழுத்துக்கும் போடுங்கள்.

ஒலியில் அடிக்கடி வரும் கோளாறு இது: டிவிடி வட்டில் ஒலி 5.1 ஆக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிந்து இருக்கும், வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். நாங்கள் தருவது இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. பிளேயரை இரண்டு பெட்டிக்குரிய ஸ்டீரியோவுக்கு மாற்றாவிட்டால் இசை முழங்கும், பேச்சு முணுமுணுக்கும். மாற்றிய பிறகு பேஸை (அடித்தொனியை) குறைத்து, பெட்டிகளை இருப்பவர்களின் தலைக்கு மேலே, 7 அடி உயரத்தில் திரையின் இரு பக்கமும் வையுங்கள். கோயில் திருவிழாவுக்குப்போல மரத்துக்கு மரம் கூம்பு ஸ்பீக்கர் கட்ட வேண்டாம். 100 அடி இடைவெளியில் ஒலி கிட்டத்தட்ட பத்திலொரு விநாடி பிந்தும். ஒரே வசனம் இரண்டு தடவை கேட்டுக் குழம்பும்.

சப்டைட்டில் இன்னும் கரைச்சல். புரொஜெக்டரின் யூஎஸ்பியில் நேரே செருகினால் பலதில் தமிழ் எழுத்துரு இல்லை. பெட்டி பெட்டியாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். மடிக்கணினியில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் கொண்டு ஓட்டுங்கள், சப்டைட்டில் கோப்பைத் தமிழ் எழுத்தைச் சரியாகக் காக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். எழுத்து பிந்தினால் ஜி, எச் விசைகளால் நகர்த்தலாம். ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகப் பிசகினால் அது வேறு நோய்: படம் விநாடிக்கு 24 ஃப்ரேமிலும் சப்டைட்டில் 25 ஃப்ரேமுக்கும் செய்யப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 2½ விநாடி விலகி, 105 நிமிடப் படத்தின் முடிவில் 4 நிமிடத்துக்கு மேல் போய்விடும். விசையால் தீராது, கோப்பையே மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், கண் படத்தைத் தவறவிடும்.

திரை 16 அடிக்கு 9 அடி போதும். எங்கள் 3500 லூமன் வெளிச்சமுள்ள புரொஜெக்டரை 24 அடி பின்னால் வைக்கலாம். நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் திரைக்கு நாலு மூலையும் கயிறு வேண்டும், துணி பாய்போலக் காற்றைப் பிடித்துச் சட்டத்தையே சாய்க்கும்.

ஜெனரேற்றர் 2 கேவிஏ போதும், ஆனால் பந்தல் லைற்றுகளை அதில் கொழுவ வேண்டாம். மின்னழுத்தம் விழுந்து புரொஜெக்டர் நின்றால், சூடான விளக்கு ஆறும்வரை சில நிமிடம் திரும்ப எரியாது.

வீட்டில் பார்க்க வாங்கிய வட்டு, பொதுவில் காட்ட உரிமை தராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி தேவை. அந்த அனுமதிக் கடிதத்தைக் கண்டபின்தான் வாடகைக்குப் பதிவு செய்வோம். படத்தில் தூஷணமும் துவக்குச் சூடும் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு இதைத் தெரிவுசெய்ய வேண்டாம்.

வட்டையும் சப்டைட்டில் கோப்பையும் மூன்று நாளுக்கு முதலே கடையில் தாருங்கள். முழுப்படத்தையும் ஓட்டிப் பார்த்துத் தருவோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
திரை, ஒலிக் கருவி வாடகைக் கடை,
கிளிநொச்சி