பாண்டி பஜாருக்கு நிழல் வேண்டும்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. முன்பு கார்களுக்கு இடையே ஒடுங்கி நடந்த தெருவில் இன்று முதியவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். அந்த நன்றி இன்றும் குறையவில்லை. ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டால் முற்பகலிலேயே மரமில்லாத இடங்களை எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள்.

பாண்டி பஜார் அமைந்துள்ள தியாகராயர் சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. எத்தனை மாடி எழுந்தாலும் நடுப்பகலில் கட்டட நிழல் போதாது. மாலை வெயிலோ தெருவின் நீளத்துக்கே பாய்கிறது. இங்கே நிழல் மேலிருந்துதான் வர வேண்டும்: மரம், அது வளரும் வரை பந்தல்.

நீர்த்திவலை தெளிக்கும் விசிறிகளை யாரேனும் பரிந்துரைத்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். வறண்ட காற்றுள்ள ஊர்களுக்கு அவை பொருந்தும். வியர்வையே காயாத கடலோரச் சென்னையில் திவலை எப்படிக் காயும்? நம்மை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமல்ல. நேராக விழும் வெயிலும், காய்ந்த கல்லும் சுவரும் திருப்பி வீசும் அனலும்தான். நிழல் இவ்விரண்டையும் குறைக்கும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுபவர்களுக்காக வெள்ளைப் பூச்சு அடித்துத் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள். 2024 கோடையில் சென்னையின் சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் கட்டப்பட்டது. சில நிமிடங்கள் நிற்கும் வண்டிக்காரர்களுக்குக் கிடைத்த அந்த நிழல், நாள் முழுக்க நிற்கும் பூக்காரப் பெண்களுக்கும் கடை வாசல் காவலர்களுக்கும் கிடைக்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. வெயிலில் போட்ட நாற்காலியால் என்ன பயன்?

பந்தலைத் தொடர்ச்சியாக மூடிவிடாமல் இடைவெளி விட்டு உயரமாகக் கட்டுங்கள்; பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று தடைபடக்கூடாது. மரத்தை நெருக்கும் கல்லையும் காங்கிரீட்டையும் பெயர்த்து, வேருக்கு மண்ணைத் திறந்துவிடுங்கள். விடுபட்ட இடங்களில் புங்கனும் வேம்பும் நடலாம். ஏசி இயந்திரங்களின் அனல் நடப்பவர் முகத்தில் அடிக்காதபடி கடைகளுக்கு விதி வையுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தர அது வழி செய்கிறது. உயிரோடு நடப்பவர்களுக்கான வேலை உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கோடைக்கு முன், பனகல் பூங்கா முனையில் ஒரு பகுதிக்காவது பந்தல் போடுங்கள். மே மாதம் முழுக்க அதன் உள்ளும் வெளியும் வெப்பத்தை அளந்து, கிடைக்கும் எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தியாகராய நகர்வாசி ஒருத்தி