பின்பக்கம் இல்லாத சிற்பங்கள்

கோத்தகிரி,
நவம்பர் 20

அன்புள்ள கௌரி,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று புத்தகமும் பத்திரமாக இருக்கின்றன என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் எதை மறைத்திருக்கிறேன்? இங்கே பத்து நாளாக அடைமழை. வழியில் எங்கோ பெட்டியின் ஒரு மூலை ஊறிவிட்டது. சிற்பப் புத்தகத்தின் கடைசி இருபது தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனமாகக் கிடந்தன. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும். நனைந்தால் அது பசையாகிவிடும். அப்படியே காயவிட்டால் செங்கல் மாதிரி இறுகிப்போகும், அப்புறம் எந்த வித்தைக்கும் பிரியாது. அதனால் ஈரமாக இருக்கும்போதே ஒரு மூங்கில் சீவலை மெல்ல நுழைத்து, தாள் தாளாகப் பிரித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஃபேன் காற்றில் விரித்தேன். முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி. பதினெட்டுத் தாள் தேறிவிட்டது. தேறாத இரண்டில் ஒன்று மிருணாளினி முகர்ஜியின் சிற்பம் இருந்த பக்கம். எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிப் பிய்ந்து, நடுவில் வெறும் வெள்ளை.

அந்தப் படத்தை இழந்த பிறகுதான், அதில் நான் எவ்வளவு பார்த்திருந்தேன் என்று யோசித்தேன். பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர் மிருணாளினி. சாயமேற்றிய சணல் கயிற்றைத் தறியில்லாமல், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கு மேலே எழுப்பியவர். 2015-ல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டி வைத்திருந்த நாட்களிலேயே காலமானார். நியூயார்க்கில் பெரிய கண்காட்சி வைத்தது 2019-ல். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிற்பத்தின் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது. புத்தகத்தில் முன்னாலிருந்து எடுத்த ஒரே படம்தான். நாற்பது வருஷமாக நான் இப்படித்தான் சிற்பம் பார்த்து வந்திருக்கிறேன் கௌரி. எல்லாமே எனக்கு முன்பக்கம் மட்டும்.

உழைப்பாளர் சிலை ஒன்றைத்தான் நாம் ஒழுங்காகப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? சிற்பி ராய் சௌத்ரி செய்து 1959-ல் மெரினாவில் வைத்தது. நாலு பேர் பாறையை நெம்புகிற வேலை. எல்லோரும் முன்னால் நின்று வரைந்துகொண்டிருந்தபோது நீ மட்டும் பின்னால் போய் மணலில் உட்கார்ந்து ஒருவனுடைய முதுகை வரைந்தாய். பாறையின் கனம் முழுக்க அந்த முதுகில்தான் இருக்கிறது என்றாய். எந்தத் தபால் அட்டையிலும் அந்த முதுகு கிடையாது.

படமே சிற்பத்துக்குத் துணை நின்ற கதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த, எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை, செய்யச் சொல்லிக் கேட்ட எழுத்தாளர் சங்கமே 1898-ல் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. பத்து வருஷம் கழித்து புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன் அந்தச் சாந்துச் சிலையை ராத்திரி நிலா வெளிச்சத்தில் படம் எடுத்தார். நீ அனுப்பிய இரண்டாவது புத்தகத்தில் அதில் ஒரு படம் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. அதைப் பார்த்தால், மலைக்கு மேல் ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. எங்கே நின்று, எந்த நேரத்தில் எடுப்பது என்று தெரிந்தவர் எடுத்த படம்.

கலைஞர் தன் உடம்பையே வைத்து ஆட்கள் முன்னால் செய்து காட்டுகிற நிகழ்த்துகலை பற்றிய புத்தகம்தான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. மரீனா அப்ரமோவிச் என்ற கலைஞர் 1974-ல் நேபிள்ஸில் செய்தது அதில் இருக்கிறது. மேஜைமேல் 72 பொருள். ரோஜா, இறகு, தேன், கத்தரிக்கோல், குண்டோடு ஒரு துப்பாக்கி. வந்தவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்து அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 6 மணி நேரம் அசையாமல் நின்றார். துணியைக் கிழித்தார்கள், கடைசியில் ஒருவர் துப்பாக்கியையே அவர்மேல் திருப்பிவிட்டார். புத்தகத்தில் அது மூன்று கறுப்பு வெள்ளைப் படம். எனக்குப் புரட்ட ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரம்தானே அந்த வேலை? அது எங்கே போயிற்று?

அப்போதுதான் உங்கள் ஊர்ப் படுகளம், பாரதக் கூத்தின் கடைசியில் துரியோதனன் சாகிற சடங்கு, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சித்திரை வெயிலில் விடியற்காலையிலிருந்து மண்ணைக் கொட்டிக் கொட்டி, படுத்திருக்கிற துரியோதனனை வீட்டை விட நீளமாகச் செய்தார்கள். ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு நின்றோம். கீழே நின்று பார்த்தால் எனக்கு வெறும் மண்மேடுதான். உங்கள் அப்பா பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னார். மேலே போனதும் கால், தொடை, மார்பு, மீசை, விரித்த கண் எல்லாம் ஒரே வீச்சில் தெரிந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வீமன் வேஷக்காரர் அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடினார். தொடை பிளந்தது, திரௌபதி கூந்தலை முடிந்தாள், சாயங்காலத்துக்குள் எல்லாம் மறுபடி மண். சிற்பமும் நிகழ்த்துகலையும் ஒன்றாகச் சேருகிற இடம் என்று அந்தப் புத்தகத்தின் முன்னுரை பத்துப் பக்கத்துக்குத் தேடுகிறது. நமக்கு அது திரௌபதியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் கிடைத்தது.

இங்கிலாந்துக் கலைஞர் ரிச்சர்ட் லாங் பற்றி ஒன்றே ஒன்று. 1967-ல், மாணவராக இருந்தபோது, ஒரு புல்வெளியில் போய் வந்து போய் வந்து புல் படிந்து கோடு விழுகிற வரை நடந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், எதிர்த் தேயிலைச் சரிவில் இலை பறிக்கிறவர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப்பாதை. மழையில் செம்மண் வழிந்து சிவப்பாகத் தெரிகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

கூடலூர் யானைச் சிற்பங்களைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். காட்டை அடைத்துக்கொண்டிருக்கிற உண்ணிச்செடியை வெட்டி, தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடிகள் செய்கிற வேலை. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தில் உலவுகிற ஒரு நிஜ யானைதான் முன்மாதிரி. 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் 100 யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட் கடற்கரையில் தொடங்கி நியூயார்க் போயின. வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. போன மாதம் அங்கே போய் ஒன்றின் விலாவுக்குப் பக்கத்தில் நின்றேன். தண்டுகளுக்கு இடையிலே மறுபக்கத்து வெளிச்சம் ஊசி ஊசியாக வருகிறது. நான் நகர்ந்தால் வெளிச்சமும் நகர்கிறது, யானை மூச்சு விடுகிற மாதிரி. இதை எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், முடியாது என்று சொல்லாதே. தமிழில் நாம் ஒரு படப் புத்தகம் செய்வோம். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. படத்துக்குக் கீழே உயரம், பொருள், ஆண்டு, எங்கே இருக்கிறது, யார் கையால் செய்தது, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற படம் கட்டாயம் வேண்டும். பின்பக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம். பள்ளிக்கூடத்தில் வரைதல் டீச்சராக இருந்த இருபத்தெட்டு வருஷமும், உள்ளங்கை அகலப் படத்தைக் காட்டி 'இது ரொம்பப் பெரிசு' என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். எவ்வளவு பெரிசு என்று ஒரு பெண் கேட்டாள். சுவரைக் காட்டினேன். அது தப்பான அளவு என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அதைத் திருத்திச் சொல்ல முடியவில்லை, அதற்குள் படித்து முடித்துப் போய்விட்டாள்.

வருகிற சித்திரையில் உங்கள் ஊர்ப் படுகளத்தை முதல் கூடை மண்ணிலிருந்து கடைசி வரை நீ எடு. மொட்டை மாடியிலிருந்தும் எடு, தரையிலிருந்தும் எடு. யானைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னாயே, மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ்ஸில் ஏறிவிடாதே, கோத்தகிரி பஸ்ஸிலேயே ஏறு. ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வா. அந்த முதுகு வரைந்த நோட்டு இன்னும் உன்னிடம் இருந்தால் அதையும், பிளாஸ்டிக்கில் நன்றாகச் சுற்றி, கையிலேயே கொண்டு வா.

உன்,
ராஜி