செயலாளரின் ஆண்டறிக்கை: வெள்ள நிவாரணமும் வக்து முறையும்

அஸ்ஸலாமு அலைக்கும். பொதுக்குழுவுக்கு வந்திருப்பவர்களுக்கு நன்றி. வராதவர்களுக்கு இவ்வறிக்கை வீட்டுக்கே வரும்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். நோன்புக் கஞ்சி வழக்கம்போல் நடந்தது. ரத்ததான முகாமை நோன்புக்கு முந்தைய மாதமான ஷஃபானிலேயே முடித்துக்கொண்டோம். ரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது என்றாலும், கொடுத்தவுடன் தண்ணீர் குடிக்க வழியில்லாமல் மயக்கம் வரும்.

இனி வக்து முறை, அதாவது தொழுகை நேரத்தில் நிவாரண வேலை நிற்காமல் முறை வைத்து மாறி மாறித் தொழப் போவது. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது இதுதான். என்னையும் சேர்த்தே பேசினார்கள்.

வடசென்னையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வெள்ளத் தண்ணீர் நிற்கும்போது, பாங்கு கேட்டதும் படகு தள்ளுபவர் முதல் பொட்டலம் கட்டுபவர் வரை மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள். இல்லையென்றால் ஒருவரும் நகராமல் மூன்று வக்து நேரம் தவறிக் களாவாகும். இரண்டும் சரியல்ல. போர்க்களத்தில்கூட ஒரு கூட்டம் தொழ, மறு கூட்டம் காவல் நிற்கட்டும் என்கிறது குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆம் வசனம். அது அச்சத் தொழுகைக்கான சட்டம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது முறை மாற்றும் ஒழுங்கை மட்டுமே.

எட்டுப் பேர் குழு நாலு நாலாகப் பிரியும். முதல் நால்வர் திரும்பி வந்து வேலையை வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த நால்வர் போகலாம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு உட்பட 20 நிமிடம். டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் பிற்பகல் தொழுகையான அஸர் ஷாஃபிகளுக்கு ஏறக்குறைய 3.15க்கும் ஹனஃபிகளுக்கு 4.05க்கும் வருகிறது. அதனால் ஷாஃபிகள் முதல் முறை, ஹனஃபிகள் இரண்டாம் முறை. ஷாஃபி, ஹனஃபி என்ற மத்ஹபு (சட்டப் பிரிவு) வேறுபாடு சண்டைக்குத்தான் ஆகும் என்பவர்கள் கவனிக்கவும்.

சிக்கல் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபில்தான். 5.40க்கு வந்தால் ஒண்ணேகால் மணி நேரத்தில் போய்விடும்; இரவுச் சாப்பாடு வண்டியேறுவதும் அப்போதுதான். எனவே சமையல் அஸருக்குள் முடிந்து, 5 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். அரிசி தாமதமாக வந்த அன்றெல்லாம் முறை குலைந்தது.

ஒளுவுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். நபியவர்கள் ஒளு செய்த ஒரு முத்து (இரு கை நிறையக் கொள்ளும் அரபு அளவு) பொதுவான கணக்கில் ஏறக்குறைய முக்கால் லிட்டர்தான். சாக்கடை ஏறிய கம்பூட்டின் மேல் ஈரக் கையால் தடவி மஸ்ஹு செய்துவிட்டு அதோடு தொழ நிற்காதீர்கள். கழற்றிக் காலைக் கழுவுங்கள். கைலியும் சட்டையும் பாலிதீன் பையில் தனியாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கலந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கினால் தோலில் படலம் ஒட்டும். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் தோலைத் தொடாது, ஒளு சேராது. முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு.

தொழுதுகொண்டிருக்கையில் ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் தொழுகையை முறித்துக்கொண்டு போய்க் காப்பாற்றுவது கடமை. இரண்டு மத்ஹபிலும் உள்ள சட்டம்தான். இதைச் சொன்னதற்கு, செயலாளர் தொழுகையை விடச் சொல்கிறார் என்று ஒரு பேச்சு. சொன்னவர்கள் பள்ளி இமாம் ஹளரத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

முறைப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் சிலர் மஃரிபுக்குப் போனார்கள், இரவுத் தொழுகையான இஷா முடிந்தும் வரவில்லை. பள்ளியிலும் காணவில்லை என்றார் பாங்கு சொல்லும் மோதினார். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். சந்தா பாக்கிப் பட்டியலிலும் பெரும்பாலும் அதே பெயர்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. கடமையான ஸகாத்தும் விரும்பிக் கொடுக்கும் ஸதகாவும் தனித்தனிக் கணக்கு. ஸகாத் அதற்குரிய ஏழையின் கையில் அவர் உடைமையாகவே சேர வேண்டும். படகு வாடகைக்கும் டீசலுக்கும் எல்லா மதத்தாருக்கும் போகும் சோற்றுக்கும் ஸதகாவும் சந்தாவும்தான். சந்தா வராவிட்டால் படகு எங்கிருந்து வரும் என்பதைத் தாங்களே யோசிக்கலாம்.

இடம் தந்த பள்ளி நிர்வாகி முத்தவல்லிக்கும், பாத்திரம் தந்தவர்களுக்கும், தெருத்தெருவாக வழிகாட்டிய பகுதி இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த மழைக்கு இன்னும் ஒரு குழுவாவது வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது விரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயர் எழுதும் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

செயலாளர்