வேன் விஷயமாக பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. கோவில்பட்டியில மழை இல்லை. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல வேன் விஷயம்.

நீ வாங்கியிருக்கிற வண்டியை சித்தப்பா மகன் போன்ல காட்டினான். எனக்கு நீயே அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும். 86 மாடல்னு சொன்னான். அப்ப ஆம்னின்னே பேர் கிடையாது, வெறும் மாருதி வேன். பேர் மாத்தினது 88-ல. இன்ஜின்ல ஸ்பார்க் வர வைக்கிற பாயிண்ட்டை நீயே கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஸ்டார்ட் பண்ணினியாமே? கடைக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம சொல்லிட்டேன். ஆம்பளைப் பயலுக அத்தனை பேருக்கும் பெட்ரோல் போட மட்டும்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு. வால்பாறையில வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கினேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்க. போன வாரமும் அப்படித்தானாம், அது கோயம்புத்தூருக்குள்ளேயே. வீடு இருக்கிற ஊர்ல எதுக்குன்னு அம்மா கேட்டா. அந்தக் காலத்து வண்டியில ஸ்லைடிங் கதவு பூட்டின மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. வெளியில நின்னு கைப்பிடியை நல்லா இழுத்துப் பாரு. ரெண்டு பக்கமும் பாரு. சினிமாக்காரங்க ஆள் கடத்துறதுக்குன்னே அந்த வேனைத் தேடிப் பிடிச்சாங்க, சும்மா இல்ல.

வின்டேஜ் வண்டின்னு போட்டிருந்தியாம். அரசாங்கக் கணக்குல 50 வருஷம் ஆனாத்தான் வின்டேஜ். அதுக்குத்தான் வி.ஏ. எழுத்து போட்ட நம்பர் கொடுப்பாங்க. உன்னுது இன்னும் வெறும் பழைய வண்டி. 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. ரினீவல் கட்டணத்தை 2025-ல 10,000 ஆக்கிட்டாங்க, தெரியும்ல? ஆர்.சி.யில தேதி எதுவரைக்கும் இருக்குன்னு பார்த்து எழுது. உன் பேருக்கு மாத்தியாச்சா, இல்ல மாப்பிள்ளை பேர்லயான்னும் எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

அடுத்து பெட்ரோல் ஓஸ், இன்ஜினுக்குப் பெட்ரோல் போற ரப்பர் குழாய். இப்ப பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, விரிசல் விட்டு கசியும். இன்ஜின் உன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. மூணு சிலிண்டர், 796 சி.சி., சின்ன இன்ஜின்தான், ஆனா நெருப்புக்குச் சின்னது பெரிசு கிடையாது. சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சு ஓஸை மடக்கிப் பாரு. விரிசல் தெரிஞ்சா அன்னைக்கே மாத்து. யாராவது கேஸ் கிட் மாட்டலாம்னு சொன்னா காதுல வாங்காத.

நம்ம பழைய வேன்ல குற்றால சீசனுக்குப் போறப்ப, இன்ஜின் சூட்டுக்கு அம்மா முன் சீட்டுல ஈரத்துண்டை நாலா மடிச்சுப் போட்டுத்தான் உக்காருவா. கழுகுமலை தாண்டுறதுக்குள்ள துண்டு காய்ஞ்சிரும். சங்கரன்கோவில்ல நிறுத்தி, அவளை இறக்கி, சீட்டைத் தூக்கி ஆறவிடுவேன். உங்க ஆச்சிக்கு அதுக்குள்ள புளியோதரைத் தூக்கைத் திறந்தாகணும். பின்னால எதிரும் புதிருமா சீட்டு. நீ எப்பவும் எனக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவ. கண்ணாடியில உன் ரெட்டைப் பின்னலும் பின்கழுத்தும் மட்டும் தெரியும். அத்தை பிள்ளைங்க வாந்தி வருதுன்னு கத்துங்க. நீ ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல. உன் கழுத்து லேசா இடது பக்கம் சாயும், நான் வண்டியை ஓரங்கட்டிருவேன். எப்படிப்பா தெரிஞ்சதுன்னு கேட்டதும் இல்ல.

இப்ப போட்டோ எல்லாம் முன்னால இருந்து எடுத்தது. எல்லாத்துலயும் சிரிச்சிட்டு இருக்க. பக்கத்து சீட்டுல தலையணை, பாத்திரம், துணிப்பை. தீபாவளிக்கும் ரெண்டு பேரும் வரலை. லீவு கிடைக்கலைன்னு நீ சொன்னதை நான் அப்படியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

நம்ம வண்டியை எதுக்கு வித்தோம்னு உனக்குத் தெரியும். அதை நினைச்சு நீ ஒண்ணும் சுமக்க வேண்டாம். கல்யாணம் பண்ணி வச்சது எங்க கடமை, அதுக்கு நீ ரசீது காட்ட வேண்டியதில்ல.

நம்ம பழைய மெக்கானிக் இன்னும் பட்டறை வச்சிருக்காரு. கண் கொஞ்சம் மங்கல், கை அப்படியே இருக்கு. உன் வண்டியைப் பத்திச் சொன்னேன். ஓஸ், பிரேக், கதவுப் பூட்டு எல்லாம் பார்க்க ஒரு வாரம் ஆகும்னாரு. ஸ்லைடிங் கதவுப் பூட்டு அங்க எவனுக்கும் சரியாப் பார்க்கத் தெரியாது, இங்க கொண்டு வந்துரு. பார்ட்ஸ் கிடைக்கலேன்னா ஒரு மாசம்கூட ஆகலாம், ஆகட்டும். மாடி ரூமை ஒட்டடை அடிச்சு ஃபேனும் மாத்தியாச்சு. மாப்பிள்ளை வந்தா சந்தோஷம். வராட்டி ஏன்னு நான் கேக்க மாட்டேன், அம்மாவையும் கேக்க விட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கலாம், அது உண்மையும்தானே.

விடிஞ்சப்புறம் கிளம்பு. திருமங்கலம் தாண்டிட்டா ஒரே லாரி, அந்த வேனுக்கு முன்னால மூக்கு கிடையாது, இடிச்சா உன் முட்டியிலதான் இடிக்கும். அறுபதைத் தாண்டாத. கிளம்பும்போது ஒரு போன் அடி, விருதுநகர் வந்ததும் இன்னொண்ணு அடி. அம்மா தோசைக்கல்லை அடுப்புல போடணும்.

அப்பா