பிடுங்கப் பிடுங்கப் பெருகும் கோரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் தரைவீடுகளின் முன்வாசல், பூச்சட்டி, காய்கறிப் பாத்தி என எங்கும் கோரை மண்டிக் கிடக்கிறது. பிடுங்கினால் முன்பைவிட அதிகமாக முளைக்கிறதே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கும் அதன் கிழங்குகள்.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். பூத்தண்டை இரு விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். பூக்கதிர் செம்பழுப்பாக இருக்கும். வெள்ளைப் பொத்தான் போல உருண்டைப் பூ விட்டால் அது வேறு வகை. அதற்கு இந்தக் கிழங்கு கிடையாது. சந்தேகமிருந்தால் ஒரு சாண் ஆழம் மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். விறைப்பான மெல்லிய வேர்த்தண்டில் கறுப்புத் தோல் கிழங்குகள் வரிசையாகக் கோத்திருக்கும். நறுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், மணக்கும். குளியல் பொடிக்கு நாம் வாங்கும் அதே கோரைக்கிழங்குதான். மலாய்க்காரர்கள் இதை ரும்புட் ஹாலியா ஹித்தாம் என்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டியால் கொத்தினால் இணைப்பு அறுந்து, துண்டான ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். எனவே ஒருமுறை கொத்திவிட்டு அப்படியே விடுவதுதான் மிகப் பெரிய கேடு. முளை தலைகாட்டும்போதெல்லாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, மண்ணுக்குக் கீழே பிடித்துப் பிடுங்க வேண்டும். இலைகள் பெருக விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும். இடைவிடாமல் பிடுங்கினால் கிழங்கின் சேமிப்பு தீர்ந்துபோகும். ஆனால் ஒரு வருடமாவது பொறுமை வேண்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை நம்பாதீர்கள். கூர்முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நிழல்தான் கோரைக்கு ஆகாது. பிடுங்கிய இடத்தில் சக்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாகப் படரவிடுங்கள். சட்டி மண்ணைச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பிப் பல நாள் வெயிலில் காயவிடுங்கள். மாலை மழைக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும், நனைந்தால் உயிர் பிடிக்கும். எரு குழியில் ஒருபோதும் போடாதீர்கள்.

களைக்கொல்லி மருந்து அடிப்பவர்களுக்கு ஒன்று. மலேசியாவில் பாராகுவாட் மருந்துக்கு 2020 முதல் தடை. குளுஃபோசினேட் இலையைத்தான் கருக்கும், கிழங்கு தப்பிவிடும். கிழங்குவரை இறங்குவது கிளைஃபோசேட். 41 விழுக்காட்டு மருந்தானால் லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 மில்லி போதும்; போத்தலில் ஒட்டிய சீட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இலை பசுமையாக இருக்கையில், மழை வராத காலைப்பொழுதில், கையுறையோடு இலையில் மட்டும் தடவ வேண்டும். மற்ற செடியில் பட்டால் அதுவும் சாகும். இரண்டு வாரம் வெட்டாமல் விடுங்கள். வெட்டிவிட்டு அடித்தால் மருந்து கீழே இறங்காது. மறுபடி முளைப்பதற்கு மறுபடி தடவத்தான் வேண்டும்.

பல வீடுகளுக்குக் கோரை வந்ததே விலைக்கு வாங்கிய மண்ணிலும் கார்பெட் புல்லிலும்தான். புது மண்ணில் கொஞ்சத்தைத் தனிச் சட்டியில் போட்டு ஈரமாக இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்தியில் கொட்டுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர்,
செந்தூல், கோலாலம்பூர்