முகமூடி போட்டுப் பாட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஐரோப்பிய முற்கால இசை விழாக்களுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு,

வணக்கம். நான் பாடகன் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் விழா நடக்கும்போதெல்லாம் வாசலில் நின்று நிகழ்ச்சிக் கையேடு கொடுக்கிற தன்னார்வலன், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போகிற முகங்களையும் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வருகிற முகங்களையும் வருடாவருடம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய குழு, இத்தாலிய இசையமைப்பாளர் ஒராசியோ வெக்கி ஐந்து குரல்களுக்கு எழுதிய 'லாம்ஃபிபார்னாசோ' என்ற பாட்டு நகைச்சுவை நாடகத்தை முகமூடி போட்டு, நடித்துப் பாடுகிறோம் என்று ஒரு விழாவுக்கு விண்ணப்பித்திருந்தது. பாட்டு மட்டும் போதும், நடிப்பு வேண்டாம் என்று பதில் வந்தது. ஏன் என்று பொறுப்பில் இருந்தவரிடம் நானே கேட்டேன். வெக்கியே முன்பாட்டில் சொல்லிவிட்டாரே, இந்தக் காட்சி கண் வழியாக அல்ல, காது வழியாக மனத்துக்குள் போய்ச் சேர்கிறது என்று, நாம் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், இசை தெரிந்தவர். அவர் சொன்னதைப் பல நாள் யோசித்துப் பார்த்தேன், என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெக்கி அப்படி எழுதியது உண்மைதான். மோதெனா பேராலயத்தில் இசைப் பொறுப்பு வகித்த பாதிரியார் அவர். இந்த நகைச்சுவை 1597இல் வெனிஸில் அச்சாகி வந்தது. ஆனால் அவர் யாருடைய காதுக்குச் சொன்னார் என்று பாருங்கள். வெனிஸ் பேச்சு பேசுகிற கிழ வியாபாரி பாண்டலோனே, வார்த்தைகளைக் குழப்பி அடிக்கிற பொலோஞா பண்டிதர் கிராசியானோ, பெர்காமோ கொச்சையில் பேசுகிற வேலைக்காரர்கள், வீரம் பேசுகிற ஸ்பானியத் தளபதி, இவர்களையெல்லாம் சந்தை முற்றத்து முகமூடி நாடகங்களில் நூறு தடவை பார்த்துச் சிரித்த ஜனங்கள் அவர்கள். முதல் காட்சியில் பாண்டலோனே வேலைக்காரனைக் கத்திக் கூப்பிடுகிறார், அவன் சமையலறையில் வாய் நிறையச் சாப்பாட்டோடு பதில் சொல்கிறான். குரலைக் கேட்டதுமே அந்த மூக்கும் தாடியும் அவர்கள் கண் முன்னால் வந்து நின்றிருக்கும். அவர்களுடைய கண் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தது, அதனால் காது மட்டும் போதுமாக இருந்தது. இன்றைக்குக் கையேட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு இத்தாலிய மொழியும் தெரியாது, பெர்காமோ கொச்சை எப்படி இருக்கும் என்றும் தெரியாது. அவர் காதுக்கு எதைப் பார்க்கத் தெரியும்?

இன்னொன்று. அந்த 1597 பதிப்பைப் புரட்டினால் காட்சிகளுக்கு மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. யார் யாரோடு எங்கே நிற்கிறார்கள் என்று படமாகவே காட்டியிருக்கிறார்கள். கண்ணே வேண்டாம் என்று நினைத்தவர்கள் படத்துக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

ஐந்து பேரும் அரைவட்டமாக இசைத்தாள் ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்த்துப் பாடுவதுதான் பழைய முறை என்று ஒரு நம்பிக்கை உங்களில் பலருக்கு இருக்கிறது. அது நம் காலத்துக் கச்சேரிப் பழக்கம். வெக்கி காலத்தில் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம், அதில் அந்தக் குரலின் வரி மட்டும்தான் இருக்கும். ஒரு மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்து, மற்றவர் எங்கே வருகிறார் என்று காதாலும் மூச்சாலும் பிடித்துப் பாடினார்கள். பல சமயம் கேட்பதற்கென்று தனியாக யாரும் இல்லை, பாடுகிறவர்களே கேட்கிறவர்கள். கேட்பவர்களுக்காகப் பாடிய இடங்களிலோ முகமும் கையும் சும்மா இருக்கவில்லை. இத்தாலியின் ஃபெராரா அரண்மனையில் 1580 வாக்கில் லாரா பெவெரரா, அன்னா குவரினி, லிவியா தார்கோ போன்ற பெண்கள் பாடிய குழு ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. வின்சென்சோ ஜுஸ்தினியானி என்ற இத்தாலியப் பிரபு பிற்பாடு அந்தக் காலத்துப் பாடகிகளைப் பற்றி எழுதும்போது, முகபாவமும் பார்வையும் கையசைவும் பாட்டின் கருத்தோடு எப்படிப் பொருந்தி நின்றன என்று தனியாகக் குறிப்பிடுகிறார். அபிநயம் நேற்று யாரோ கொண்டுவந்து ஒட்டியது இல்லை.

சரி, நடித்தால் இசை கெடும் என்ற பயம். இது நியாயமான பயம், நானும் கெட்டுப்போன நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். வெல்வெட் உடுப்பும் இறகு வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டு சுருதி விலகிப் பாடினால் யாருக்கும் லாபமில்லை. அதுவும் வெக்கியில் ஒரு சிக்கல் கூடவே இருக்கிறது: ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று அவர் எழுதவில்லை. ஒரு கிழவன் பேசுவதை மூன்று குரல்கள் சேர்ந்து பாடும், பெண் பதில் சொல்லும்போது மேல் குரல்கள் எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் ஐந்தும் சேர்ந்துவிடும். அப்படியானால் பாண்டலோனே யார்? இதற்கு விடை தேடுவதில்தான் ஒரு குழுவின் புத்தி தெரிகிறது. முகமூடியைக் கைமாற்றிக்கொண்டே பாடலாம், மூன்று பேர் சேர்ந்து ஒரே உடம்பாக நகரலாம். விண்ணப்பித்த அந்தக் குழு முதல் வழியை எடுத்திருந்தது. ஸ்டாண்டு கிடையாது, எல்லாம் மனப்பாடம், கைகாட்டி இசையை நடத்துகிறவர் இல்லை, நாலு மீட்டர் தள்ளி நிற்கிறவரின் மூச்சை வைத்துத் தொடங்க வேண்டும். ஒத்திகையில் ஒரு காட்சியைப் பார்த்தேன். முகமூடி கைமாறும் நொடியில் குரலும் கைமாறுவது கண்ணுக்குத் தெரிந்தபோதுதான், ஐந்து வரிகள் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது எனக்கு முதல் தடவையாகக் கேட்டது. இந்த நாடகத்தின் இசைத்தட்டை வீட்டில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், அது இப்படிக் கேட்டதே இல்லை.

மூன்றாம் அங்கத்தில் வேலைக்காரன் யூதர் வீட்டுக்கு அடகு வைக்கப் போகிற காட்சி ஒன்று வருகிறது. சப்பாத், அதாவது யூதர்களின் ஓய்வு நாள் என்று அவர்கள் மறுக்கிறார்கள், எபிரேயம் போல ஒலிக்கிற உளறலை வைத்து வெக்கி கேலி செய்கிறார். வெறும் கச்சேரியில் இது வேடிக்கையான சத்தமாகக் கடந்துபோய்விடும், கைதட்டல்கூடக் கிடைக்கும். நடிக்க வேண்டும் என்றால் கடந்துபோக முடியாது. இதை யார், எந்த முகத்தோடு பாடுவது, பாடுவதா விடுவதா என்று உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அந்தக் குழு வாரக்கணக்கில் பேசியது. மேடை கேட்கிற இந்தப் பொறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இது நடக்காத காரியம் என்றும் சொல்லாதீர்கள். ராபர்ட் ஹாலிங்வொர்த் 1986இல் ஆக்ஸ்ஃபர்டில் தொடங்கிய 'இ ஃபஜோலினி' குழு, இத்தாலிய இசையமைப்பாளர் மான்டவெர்டியின் 1603ஆம் வருடத்து நான்காம் மாட்ரிகல் (பல குரல் பாட்டு) தொகுப்பை எடுத்து, ஆறு பாடகர்களைச் சாதாரண உடையில், பார்வையாளர்களுக்கு நடுவே மேசைகளில் உட்கார வைத்தது. ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு நடிகர். ஆறு காதல் ஜோடிகள் நம் பக்கத்து மேசையில் பிரிந்துகொண்டிருப்பார்கள், அந்தப் பிரிவு பாட்டாக வரும். 2004இல் மேடையேறி அப்புறம் படமாகவும் வந்தது. பொலோஞாவில் துறவியாக இருந்த அட்ரியானோ பாங்கியேரி 1608இல் ஒரு பாட்டில் நாய், பூனை, குயில், ஆந்தை நான்கையும் கத்தவிட்டு, கீழே ஒரு கனமான குரலைப் பொய் லத்தீனில் பாடவைத்தார். அதை அசையாமல் நின்று பாடச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. இருநூறு பேர் உட்காருகிற சின்னக் கூடம் கொடுங்கள், பெரிய தேவாலயத்தின் எதிரொலியில் இந்தக் கொச்சைப் பேச்செல்லாம் கரைந்துவிடும். முந்தின நாள் முழுக்க ஒத்திகைக்கு அந்த இடத்தை விடுங்கள். வார்த்தைகளின் அர்த்தத்தை ஒரு திரையில் காட்டுங்கள், முடியாவிட்டால் கையேட்டைப் படிக்கிற அளவுக்காவது விளக்கு எரியட்டும். போன வருடம் இருட்டில் மொழிபெயர்ப்பைப் படிக்க முடியாமல் பாதியில் வெளியே வந்த ஒரு அம்மா, கையேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அப்புறம், இயக்குநருக்கும் சம்பளம் உண்டு என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். இப்போது பாடகர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுக்கிறார்கள்.

அந்தக் குழு இந்த வருடமும் விண்ணப்பிக்கப் போகிறது. காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அவர்களை ஒரு நாள் கூப்பிட்டு, முதல் காட்சியை உங்கள் எதிரே பாடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசலில் கையேடு கொடுக்கிறவன்