யாருக்கு என்ன ஆயிற்று?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. விடுதியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவன் நீ. அந்தத் திமிருக்கு இப்போது வட்டி கட்டுகிறாய், கட்டு. பேத்தி முதன்முதலில் பேசிய சொல் 'தாத்தா' என்பதை மட்டும் நான் நம்பத் தயாராக இல்லை.

பதில் தாமதமானதற்கு நீயேதான் காரணம். கையெழுத்துக்கும் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "உங்கள் துணைவேந்தரின் அறிக்கையைப் படித்தேன். எல்லாம் சரி, யாருக்கு என்ன ஆயிற்று?" அந்த அறிக்கையை எழுதுகிறவன் நான்தான் என்று தெரிந்தேதானே கேட்டாய்? முதலில் கோபம் வந்தது. அப்புறம் யாரோ எழுதியதைப் போல எடுத்து வாசித்துப் பார்த்தேன். நாற்பது பக்கம். உன் கேள்விக்கு ஒரு பக்கத்திலும் பதில் இல்லை.

அது தயாராகும் விதத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எல்லாத் துறைகளுக்கும் ஒரு படிவம் போகும். வட்டாரத் தாக்கம், புத்தாக்கம், சாதனைகள் என்று மூன்று தலைப்பு. காலியாக விட்டால் மானம் போய்விடும் என்று எல்லோரும் எதையாவது நிரப்புவார்கள். இந்த முறை ஒரு துறைத்தலைவர் ஒரே கருத்தரங்கை மூன்று இடத்திலும் போட்டிருந்தார். வெளியாட்கள் வந்தார்கள், அதனால் தாக்கம். புதிய பொருள், அதனால் புத்தாக்கம். நல்லபடியாக நடந்து முடிந்தது, அதனால் சாதனை. நான் அதை வெட்டவில்லை. பக்கம் நிறைய வேண்டுமே.

புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கையெழுத்தும் புகைப்படமும் முடிந்ததும் கோப்பு தூங்கப் போய்விடும். காப்புரிமை அதைவிட நுணுக்கமான விளையாட்டு. விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது, யாராவது உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது என்று நான்கு படிகள் உண்டு. முதல் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள தூரத்தில் பாதிக் கண்டுபிடிப்பு செத்துப்போகும். அறிக்கையில் நான்கையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவோம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

பொருளாதாரப் பங்களிப்பு என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை இருந்ததே, கவனித்தாயா? நாங்கள் தரும் சம்பளம், மாணவர்கள் செய்யும் செலவு, அது கைமாறி மறுபடி செலவாவது என்று கணக்குப் போட்டு, ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி வந்த தொகை அது. பெருக்கலில் தப்பில்லை. கழித்தல்தான் இல்லை. இந்தப் பல்கலைக்கழகமே இல்லாதிருந்தால் அந்தப் பணம் வேறெங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு வந்த மானியம் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் அதே பெருக்கல் அங்கேயும் நடந்திருக்கும். ஏன், பெரிய சிறைச்சாலை ஒன்றைக் கட்டினாலும் இந்தக் கணக்குப்படி வட்டாரத்துக்கு லாபம்தான்!

உலகம் முழுக்க இதே பாடுதான் போலிருக்கிறது. பிரிட்டனில் ஆராய்ச்சித் தரத்தை மதிப்பிடும்போது, கல்வி உலகத்துக்கு வெளியே அதனால் என்ன நடந்தது என்பதற்கும் 2014 முதல் மதிப்பெண் போடுகிறார்கள். முதலில் 20 சதவீதம், 2021-இல் அது 25 சதவீதம். எண்ணிக்கை கேட்காமல், நடந்ததைக் கதையாக, சான்றோடு எழுதச் சொன்னார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கதைக்கு மதிப்பெண் என்றதும் கதை எழுத ஆள் தேட வேண்டியதாயிற்று. என்னைப் போன்றவர்களுக்கு வேலை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அதைச் சுமந்துகொண்டு பழைய கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிப் பயன்பெற்ற பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. 1905-இல் அதன் தலைவர் சார்லஸ் வான் ஹைஸ், மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் பல்கலைக்கழகத்தின் பலன் எட்டும்வரை எனக்குத் திருப்தி வராது என்று பேசினார். ஒவ்வொரு குடும்பமும்! எங்கள் அறிக்கையில் அப்படி ஒரு வாக்கியம் எழுதினால் நிதி அலுவலர் மயங்கி விழுவார்.

அவர் பேசுவதற்கு முன்பே அங்கே ஸ்டீபன் பாப்காக் ஒரு வேலை செய்து முடித்திருந்தார். பாலை எடை போட்டு விலை கொடுத்த காலம். தண்ணீர் கலந்தவருக்கும், ஏட்டை எடுத்துவிட்டு ஊற்றியவருக்கும், நல்ல பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை. 1890-இல் பாப்காக் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றி, குடுவையின் குறுகிய கழுத்தில் கொழுப்பு எவ்வளவு ஏறி நிற்கிறது என்று அளவுகோலில் படிப்பது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ளப் பட்டம் வேண்டாம். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் படிவத்தில் காப்புரிமை என்ற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம்தான் விழும். ஆனால் 'யாருக்கு என்ன ஆயிற்று?' என்று நீ கேட்டால் பதில் சட்டென்று வரும்: நல்ல பால் ஊற்றியவருக்கு நல்ல விலை கிடைத்தது.

இன்னொரு கதை இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1933 பிப்ரவரி, கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாக ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. செத்த கிடாரி ஒன்றையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். அது சனிக்கிழமை. கால்நடை மருத்துவ அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு கதவைப் பார்த்து உள்ளே நுழைந்தார். அது அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகம்.

இங்கே கவனி. அன்றைக்கு அந்த மனிதருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வைக்கோலைப் போடாதீர்கள், முடிந்தால் மாட்டுக்கு ரத்தம் ஏற்றிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு வைக்கோல் வாங்க வழியில்லாதவரிடம் அதைத்தான் சொல்ல முடிந்தது. அவர் போன பிறகு லிங்கும் உதவியாளரும் அந்தக் கேனை விட்டு விலக முடியாமல் அதிலேயே வேலை செய்தார்கள். கெட்டுப்போன வைக்கோலில் இருந்து, ரத்தத்தை உறையவிடாத அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1939 வரை ஆயிற்று. அதன் வழியாக வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது, 1950-களில் மனிதருக்கும் மருந்தானது. இதயத்தில் ரத்தக்கட்டு வராமலிருக்கப் பல லட்சம் பேர் விழுங்கிய மாத்திரை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த பழைய மாணவர் அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயரில் இருக்கும் 'வார்ஃப்'.

1933-க்கான அறிக்கையை நான் எழுதியிருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று யோசித்தேன். 'ஒரு விவசாயி வந்தார், உதவ முடியவில்லை' என்று போட்டிருப்பேனா? அவர் வந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் படிவம் நாங்கள் வெளியே கொடுத்ததைத்தான் கேட்கிறது. யார் எந்தக் கேள்வியோடு உள்ளே வந்தார்கள் என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. கார்ல்சன் கொண்டுவந்தது அல்லவா இந்தக் கதையில் பெரிய பங்கு?

இதை நினைத்துக்கொண்டே ஒரு மாலை வாசல் காவலரிடம் போய் வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். அவர் ஏதோ விசாரணை என்று நினைத்துப் பயந்துவிட்டார். பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க, காரணம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். காரணம் என்ற இடத்தில் பாதிப்பேர் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ் வாங்க, கட்டணம் கட்ட, மகளைப் பார்க்க. ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டியதில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது. காரணம்: 'கிணற்றுத் தண்ணீர்'. யாரைப் பார்க்க: 'தெரியாது'. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையே பதினொரு நிமிடம்.

காவலருக்கு நினைவிருந்தது. கையில் ஒரு போத்தலோடு வந்தாராம். எந்தத் துறை என்று இவருக்கும் தெரியவில்லை. வேதியியல் பக்கம் கைகாட்டியிருக்கிறார். அன்று சனிக்கிழமை, அங்கே யாரும் இல்லை. பார், இங்கேயும் சனிக்கிழமை!

மறுநாள் துணைவேந்தரிடம் பேசினேன். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தரவரிசை, மானியம், ஆட்சிமன்றக் குழு என்று மூன்று பக்கமும் இழுபடுகிறார். கார்ல்சன் கதையை முழுசாகக் கேட்டார். வெளியிலிருந்து வந்த கேள்விகளுக்கென்று அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கலாம், பதில் தர முடியாதவற்றையும் சேர்த்து, என்றேன். "பதில் தர முடியாததை நாமே அச்சடித்துக் கொடுப்பதா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. எழுதுவதில்தான் நான் அவசரப்படுகிறேன்.

அதனால் பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் நம்பவில்லை. ஏதோ பணம் கட்டச் சொல்லப் போகிறோம் என்று நினைத்து இரண்டு முறை துண்டித்தார். மூன்றாம் முறை பேசினார். அந்தப் போத்தலை அன்றே கொட்டிவிட்டாராம். தண்ணீர் இறைக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதாம், ஒரு இரவு வைத்தால் பழுப்பாகி அடியில் வண்டல் படிகிறதாம். துணியெல்லாம் கறை. வரும் வியாழக்கிழமை மறுபடி கொண்டுவருகிறேன் என்றார். வேதியியல் துறையில் ஓர் இளம் ஆசிரியை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், படிவத்தில் எந்தத் தலைப்பில் போடுவது என்றுகூடக் கேட்கவில்லை.

நீ முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன், அதனால் இதற்கு மட்டும் உடனே பதில் போடு. எனக்கு இது இரும்பாகத்தான் தோன்றுகிறது. நிலத்தடியில் கரைந்திருந்து, காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிற கதை. போத்தலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சரிதானே? வேறென்ன சோதிக்கச் சொல்ல வேண்டும்? வியாழனுக்குள் எழுது.

உன் பழைய அறைத்தோழன்